போஸ்ட் கார்டின் முதல் எதிரி யார் தெரியுமா?

லண்டன் ஃபுல்ஹாமில் வாழ்ந்த தியோடர் ஹூக் என்ற எழுத்தாளர், 1840-இல் ஓர் அட்டையில் தபால் குமாஸ்தாக்களைக் கேலிச் சித்திரமாக வரைந்து, உலகின் முதல் தபால்தலையான பென்னி பிளாக்கை அதில் ஒட்டி, தன் வீட்டு முகவரிக்குத் தானே அனுப்பிக்கொண்டார். ஆஸ்திரியா-ஹங்கேரி அரசு 1869 அக்டோபர் 1-ஆம் தேதி அதிகாரபூர்வமான முதல் போஸ்ட் கார்டை வெளியிடுவதற்கு 29 ஆண்டுகளுக்கு முன்பே! அந்த ஒற்றை அட்டை இன்றும் இருக்கிறது. 2002-இல் ஏலத்துக்கு வந்தபோது 31,750 பவுண்டுக்குப் போனது. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் அது பிழைத்துக் கிடந்ததற்குக் காரணம், இடையில் யாரும் அதன்மேல் அளவுக்கு மீறிப் பாசம் காட்டவில்லை என்பதாகத்தான் இருக்கும்!

ஆமாம், பழைய கார்டுகளை நாசம் செய்வதில் கரையானையும் வெள்ளத்தையும் முந்திக்கொண்டு நிற்பது நம்முடைய அக்கறை. தாத்தா ரங்கூனிலிருந்து போட்ட கார்டு, அக்காவின் பொங்கல் வாழ்த்து, கொழும்பில் வாங்கிய பழைய படக் கார்டு என்று எது கையில் கிடைத்தாலும், அதை எப்படியாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று நினைத்த மாத்திரத்தில் நாம் செய்கிற முதல் காரியம் பெரும்பாலும் தவறான காரியம்.

எது அந்த முதல் காரியம்? தெருமுனை ஜெராக்ஸ் கடைக்குப் போய் லேமினேஷன் போடுவது! அந்த எந்திரத்தின் உருளைகளுக்குள் சூடு 100 டிகிரியைத் தாண்டும். பிளாஸ்டிக்கின் உள்பக்கப் பசை உருகி அட்டையின் நார்களுக்குள் இறங்கி உறைந்துவிடும். அப்புறம் அதைப் பிரிக்க எந்தக் கொம்பனாலும் முடியாது. இதில் பெரிய பெரிய நூலகங்களே ஏமாந்திருக்கின்றன என்பது தெரியுமா? அமெரிக்காவின் வர்ஜீனியாவைச் சேர்ந்த வில்லியம் பாரோ என்பவர் 1930-களில் ஆவணங்களை செல்லுலோஸ் அசிடேட் தாளுக்கு நடுவே வைத்துச் சூட்டில் அழுத்தும் முறையைக் கொண்டுவந்தார். அன்றைக்கு அதுதான் உயர்ந்த பாதுகாப்பு. விலைமதிப்பற்ற ஆயிரமாயிரம் தாள்கள் அப்படி மூடப்பட்டன. இன்று ஆவணக் காப்பகங்கள் தேர்ந்த ஆட்களை உட்காரவைத்து, அந்தப் படலத்தைக் கரைப்பான் ஊற்றி ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டிருக்கின்றன. அவர்களிடம் ஆய்வுக்கூடம் இருக்கிறது, உரிக்கிறார்கள். நம் வீட்டில்?

சரி, லேமினேஷன் வேண்டாம், ஆல்பம்? இங்கேதான் அடுத்த அதிர்ச்சி! கடையில் வாங்கிய வழவழப்பான ஆல்பத்தின் பையிலிருந்து பத்திருபது வருடப் பழைய கார்டு ஒன்றை மெல்ல இழுத்துப் பாருங்கள். சில சமயம் 'சர்ரக்' என்று ஒரு சத்தம் வரும். கார்டு வெளியே வந்துவிடும். ஆனால் காலிப் பையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால், அதே கோபுரம், அதே தென்னைமரம், நீலமும் சிவப்புமாக வெளிறிய நிழலாகப் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். மை பைக்கு மாறிவிட்டது! குற்றவாளி பி.வி.சி. இந்தப் பிளாஸ்டிக்கை வளைந்து கொடுக்கவைக்க எண்ணெய் போன்ற ஒரு பொருளைச் சேர்ப்பார்கள். அது வருடக்கணக்கில் மெல்லக் கசிந்து அச்சு மையை இளக்கும். போதாததற்கு, பி.வி.சி. சிதையும்போது ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேறு வெளிவரும்.

உங்கள் ஆல்பம் பி.வி.சி.யா இல்லையா என்று ஒரு செம்புக் கம்பியே சொல்லிவிடும், தெரியுமா? கம்பியின் நுனியை அடுப்புத் தீயில் பழுக்கக் காய்ச்சுங்கள். ஆல்பத்தின் ஓரத்திலிருந்து கடுகளவு வெட்டிய துண்டை அதில் தொட்டு, மறுபடி தீயில் காட்டுங்கள். சுவாலை பளிச்சென்று பச்சையாக எரிந்தால் அதில் குளோரின் இருக்கிறது, அதாவது பி.வி.சி.! காப்பகங்களிலும் இதே சோதனையைத்தான் செய்கிறார்கள். புகை நல்லதல்ல, திறந்த வெளியில், குழந்தைகளைத் தள்ளி நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். தீயெல்லாம் எதற்கு என்பவர்களுக்கு மூக்கு போதும். புது மழைக்கோட்டைப் பிரித்தால் வரும் அந்த வாசனை ஆல்பத்திலிருந்து வந்தால் வாங்காதீர்கள்.

மாற்று? விலை கேட்டால் அசந்துபோவீர்கள்! பேக்கிங் சாமான் கடையில் 'பி.பி. கவர்' என்று கேளுங்கள். இனிப்புக் கடைக்காரரும் கல்யாணப் பத்திரிகைக்காரரும் வாங்குகிற, தொட்டால் சரசரக்கிற, கண்ணாடி போன்ற அதே உறைதான். பாலிப்ரோபிலின். அமிலம் கிடையாது, எண்ணெய் கசியாது. அடியில் முக்கோணக் குறி இருந்தால் உள்ளே 5 என்று போட்டிருக்கும். 3 என்று இருந்தால் அது பி.வி.சி., கிட்டே சேர்க்காதீர்கள். அருங்காட்சியகங்கள் பாலியெஸ்டர் உறையைப் பயன்படுத்துகின்றன. அது கிடைத்தால் அதைவிட நல்லது. ஒரு கார்டுக்கு ஓர் உறை, ஒரு பக்கம் திறந்தபடி. முன்பக்கப் படமும் பின்பக்க எழுத்தும் இரண்டுமே தெரியும். கார்டைத் தொடாமலே பார்க்கலாம்.

ரப்பர் பேண்டு, குண்டூசி, பேப்பர் கிளிப், செலோடேப், ஒட்டும் கோடுகளின் மேல் பிளாஸ்டிக் தாளை மூடுகிற அந்தப் பழைய 'மேக்னடிக்' ஆல்பம், இவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ரப்பரில் கந்தகம், ஊசியில் துரு, டேப்பில் மஞ்சளாகிப்போகும் பசை. எல்லாவற்றையும் இன்றைக்கே கழற்றுங்கள். ஒட்டிப்போன டேப்பை மட்டும் பிய்க்காதீர்கள், அட்டையின் தோலோடு வந்துவிடும்.

இப்போது ஒரு பூதக்கண்ணாடி எடுத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் இருப்பது அச்சடித்த கார்டா, நிஜமான ஃபோட்டோவா? கண்ணாடியில் புள்ளிப் புள்ளியாகத் தெரிந்தால் அச்சு. புள்ளியே இல்லாமல் சாம்பல் நிறம் வழுக்கிக்கொண்டு போனால் அது ஃபோட்டோ கார்டு, ஜெலட்டினுக்குள் வெள்ளித் துகள்கள் உட்கார்ந்திருக்கும் அசல் புகைப்படம்! 1900-களின் தொடக்கத்தில் கோடக் நிறுவனம் போஸ்ட் கார்டு அளவிலேயே புகைப்படத் தாள் விற்றது. யார் வேண்டுமானாலும் தன் வீட்டை, தன் மாட்டுவண்டியைப் படமெடுத்து, அதன் முதுகில் தலை ஒட்டி அனுப்பிவிடலாம். அப்படி ஒரே ஒரு பிரதி மட்டுமே உலகத்தில் உள்ள கார்டுகள் ஏராளம். உங்களிடம் இருப்பதும் அப்படி ஒன்றாக இருக்கலாம்!

அந்தக் கார்டை விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள். கறுப்பான இடங்களில் மட்டும் நீலம் கலந்த வெள்ளி மினுமினுப்பு தெரிகிறதா? ஈரக் காற்றும், மட்டமான அட்டைப் பெட்டியிலிருந்தும் பெயின்ட்டிலிருந்தும் வரும் வாயுக்களும் சேர்ந்து உள்ளே இருக்கும் வெள்ளியைக் கரைத்து, மேல்பரப்புக்குக் கொண்டுவந்து மறுபடி உலோகமாகவே படியவைத்திருக்கின்றன. படத்துக்குள் இருந்த வெள்ளி வெளியே பூத்திருக்கிறது! அழுக்கு என்று துணியால் துடைத்தால் படமே போய்விடும். விரல் படாமல் ஓரத்தைப் பிடித்தால் போதும்.

இதையும் மிஞ்சும் ஒரு மாயம் கேளுங்கள். சயனோடைப் என்று ஒரு வகை, முழுக்க நீல நிறத்தில் இருக்கும். அதை வெயிலில் வைத்தால் வெளுத்துவிடும். ஆனால் வெளுத்த கார்டை அப்படியே இருட்டில், காற்றுப்படும்படி வைத்துவிடுங்கள். போன நீலத்தில் பெரும்பகுதி தானாகத் திரும்பி வரும்! காற்றிலுள்ள ஆக்சிஜன் அந்த நீலத்தை மறுபடி உண்டாக்குகிறது. வேறெந்தச் சாயத்துக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்ப்பது அரிது. மற்றவை போனால் போனதுதான்.

எவ்வளவு வேகமாகப் போகும் தெரியுமா? கணக்குப் போடலாம். காகித ஓவியங்களைக் காட்சிக்கு வைக்கும்போது அருங்காட்சியகங்கள் 50 லக்ஸ் வெளிச்சத்தோடு நிறுத்திக்கொள்கின்றன. நம் ஊர் உச்சிவெயில் சுமார் 1,00,000 லக்ஸ். ஜன்னலோரம் ஒரு மணி நேரம் நேர்வெயில் பட்டால், அருங்காட்சியகத்தில் 2,000 மணி நேரம், அதாவது தினம் 8 மணி நேரம் வீதம் 250 நாள் மாட்டிவைத்த அளவு வெளிச்சத்தை அந்தக் கார்டு குடித்துவிடும்! புற ஊதாக் கதிரின் சேதம் தனி. ஆகவே ஹாலில் மாட்ட ஆசையாக இருந்தால் ஸ்கேன் எடுத்து நகலை மாட்டுங்கள், அசல் இருட்டில் இருக்கட்டும். அசலையே மாட்டித்தான் ஆக வேண்டுமென்றால் கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவில் அட்டைச் சட்டம் வைத்து இடைவெளி விடுங்கள். ஈரக் காற்றில் ஜெலட்டின் இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். தாத்தா பாட்டி கல்யாணப் படம் கண்ணாடியோடு ஒட்டிப் போயிருக்கும் வீடுகள் நம்மூரில் எத்தனை!

படத்தை விடுங்கள், எழுத்துக்கு வருவோம். எனக்கென்னவோ கார்டின் உயிர் பின்பக்கத்தில்தான் இருக்கிறது. சாதாரண பென்சிலில் எழுதியதுபோல் சாம்பலாகத் தெரிகிற ஓர் எழுத்து, ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டதும் கத்திரிப்பூ நிறத்தில் பளீரென்று மலர்ந்து பரவும், பார்த்ததுண்டா? அதுதான் காப்பியிங் பென்சில். கிராஃபைட்டோடு அனிலின் சாயம் கலந்த பென்சில். அழிக்க முடியாது என்பதால் அலுவலகங்களும், முதல் உலகப்போரில் பதுங்குகுழிகளில் இருந்த சிப்பாய்களும் அதைத்தான் பயன்படுத்தினார்கள். ரப்பருக்கு அழியாது, ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் பரவிக் கலங்கிவிடும்! ஆகவே பழைய பென்சில் எழுத்துதானே என்று ஈரத்துணி வைத்துத் துடைத்துவிடாதீர்கள். ராயல் ப்ளூ மையும் அப்படித்தான்.

நம் ஊர்க் கார்டுகளுக்கு மட்டுமே உரிய ஒன்று இருக்கிறது: நான்கு மூலையிலும் தடவிய மஞ்சள்! நல்ல சேதி என்று பிரிப்பதற்கு முன்பே சொல்லிவிடும் அடையாளம். மஞ்சளின் நிறத்துக்குக் காரணமான குர்குமின் வெளிச்சத்தில் வெகு சீக்கிரம் வெளுக்கும். சுண்ணாம்பு பட்டால் சிவக்கும், ஆரத்தித் தட்டில் நாம் பார்க்கும் அதே வேதியியல். மஞ்சள் மூலை இருக்கும் கார்டை இருட்டில் வையுங்கள், சுண்ணாம்படித்த சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். இழவுச் சேதி சொல்லும் கார்டோ கையிலேயே தங்காது. படித்ததும் கிழித்துப் போட்டுவிடுவது வழக்கம். லட்சக்கணக்கில் எழுதப்பட்டும் அந்த வகைக் கார்டு ஒன்றுகூட அநேக வீடுகளில் மிஞ்சாததன் காரணம் இதுதான்.

சரி, எங்கே வைப்பது? பரணில் போட்டால் என்ன ஆகும் தெரியுமா? வெப்பம் 5 டிகிரி குறைந்தால் காகிதத்தின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது காப்பகக்காரர்களின் கணக்கு. மொட்டைமாடிக்கு அடியில் கொதிக்கிற பரணுக்கும், கீழ்வீட்டில் உள்சுவர் ஓரமாக நிற்கும் பீரோவுக்கும் 10 டிகிரி வித்தியாசம் இருந்தால், ஆயுள் நான்கு மடங்கு! ஒரு ரூபாய் செலவில்லை, இடத்தை மாற்றினால் போதும். வெளிச்சுவர், குளியலறைச் சுவர், சமையலறைப் பக்கம், தரை, நான்கும் ஆகாது.

வெப்பத்தைவிட ஈரம்தான் நம் கடற்கரை ஊர்களின் பெரிய வில்லன். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். ஐப்பசி, கார்த்திகை காலைகளில் சென்னையில் அது 80-ஐச் சர்வசாதாரணமாகத் தாண்டும். சில நூறு ரூபாய்க்கு ஈரப்பதமானி கிடைக்கிறது, பெட்டிக்குள் ஒன்றைப் போடுங்கள். கூடவே சிலிக்கா ஜெல். காய்ந்திருக்கும்போது ஆரஞ்சாகவும் ஈரம் குடித்தபின் பச்சையாகவும் மாறும் ரகம் நல்லது. நீலமாக இருந்து ரோஜா நிறமாவதில் கோபால்ட் குளோரைடு என்ற நச்சு உண்டு. பச்சையானதும் ஓவனில் சுமார் 110 டிகிரியில் வறுத்தால் மறுபடி ஆரஞ்சு! துணிப்பையில் கட்டி மூலையில் வையுங்கள், கார்டில் படவேண்டாம். காய்ந்த நாளில் கார்டுகளை அடுக்கி மூடுவது முக்கியம். மழைநாளில் மூடினால் மழையையும் சேர்த்துத்தான் மூடுகிறீர்கள்.

பூச்சிக்கு என்ன வழி? கார்டின் மேல்தோலை மேய்ந்ததுபோல் சொறசொறப்பாக இருந்தால், வெள்ளியாய் மின்னி ஓடுமே, அந்தப் பூச்சியின் வேலை. அதற்கு மாவும் பசையும் ஜெலட்டினும் விருந்து. சுத்தமாக வட்டத் துளை விழுந்திருந்தால் அது வண்டின் புழு. தஞ்சை சரஸ்வதி மகால் நூலகத்தில் ஓலைச்சுவடிகளுக்குக் காவல் எது தெரியுமா? வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை ஆகியவற்றை இடித்துக் கற்பூரம் சேர்த்துத் துணியில் கட்டிய முடிச்சு! நாப்தலின் உருண்டையின் ஆவி நமக்கும் நல்லதல்ல, அதன் நாற்றமும் கார்டை விட்டுப் போகாது. நான் வசம்பு முடிச்சின் கட்சி. ஆனால் அது பூச்சியை அண்டவிடாமல் வைக்கும், உள்ளே புகுந்துவிட்டதைக் கொல்லாது. கொல்ல வேண்டுமானால் ஃபிரீசர்! கார்டுகளை ஜிப் கவரில் போட்டு, காற்றைப் பிழிந்து மூடி, மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம். முட்டை, புழு, பூச்சி அத்தனையும் காலி. வெளியே எடுத்ததும் ஆசையில் பிரித்துவிடாதீர்கள். ஒரு முழு நாள் கவரோடு அறையில் கிடக்கட்டும். இல்லையென்றால் குளிர்ந்த கார்டின் மேல் காற்றின் ஈரம் முத்து முத்தாகப் படிந்துவிடும்.

அடுக்கும் விதத்திலும் ஓர் அழகான வசதி இருக்கிறது. பழைய கார்டு நம் நாட்டிலும் வெளிநாட்டிலும் ஏறத்தாழ 14-க்கு 9 சென்டிமீட்டர். எந்த ஊர்க் கார்டும் எந்த ஊர்ப் பெட்டிக்குள்ளும் உட்காரும்! படுக்கவைத்து அடுக்கினால் அடியில் இருப்பது நசுங்கும். நிற்கவைத்து, சாயாத அளவுக்கு நிரப்புங்கள். செருப்புப் பெட்டி அமிலம் நிறைந்த மட்ட அட்டை, வேண்டாம். மூடியுள்ள பாலிப்ரோபிலின் டப்பா தாராளம்.

விசித்திரக் கார்டுகளைத் தனியே வையுங்கள். அமெரிக்காவில் 1900-களில் தோலில் சுட்டு எழுதிய கார்டுகள் வெறித்தனமாக விற்றன. அவற்றைச் சேர்த்துத் தைத்துத் தலையணை உறையே செய்தார்கள்! அந்தத் தோலின் அமிலம் பக்கத்துக் கார்டைக் கறையாக்கும். முதல் உலகப்போர்க் காலத்து பிரெஞ்சுப் பட்டு எம்பிராய்டரி கார்டு அழுத்தம் தாங்காது. நம் பொங்கல் வாழ்த்து? கரும்பும் பானையும் எம்.ஜி.ஆரும் ஜிகினாத் தூளில் ஜொலிக்கும் அந்தக் கார்டு, உறையில்லாமல் வைத்தால் அக்கம்பக்கத்துக் கார்டுகளையெல்லாம் உப்புத்தாள் மாதிரி தேய்த்துவிடும்.

இதையெல்லாம் யார் சேர்ப்பார்கள் என்று கேட்கிறீர்களா? எஸ்டீ லாடர் அழகுசாதனக் குடும்பத்தின் வாரிசான லெனர்ட் லாடர் சிறுவனாகப் போஸ்ட் கார்டில்தான் தொடங்கினார். பின்னாளில் பிக்காசோ, பிராக் என்று 78 கியூபிச ஓவியங்களை நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குத் தருவதாக அறிவித்த மனிதர்! ஆனாலும் கார்டை விடவில்லை. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கார்டுகளை பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்கு உரிமையாக்கினார். ஹிக்கின்பாதம்ஸ் போன்ற நிறுவனங்கள் போட்ட அந்நாள் மதராஸ், பெங்களூர் கார்டுகளை வைத்து லண்டன் சோவாஸ் கல்லூரியில் 2018-இல் கண்காட்சியே நடந்தது. இலங்கையில் 1890-இல் தொடங்கிய பிளாட்டே நிறுவனத்தின் கார்டுகளைத் தேடி அலைவோர் இன்றும் உண்டு.

நான் படமில்லாத கார்டுக்கும் பரிந்து பேசுவேன். நம் நாட்டில் 1879 ஜூலை 1-ஆம் தேதி காலணாவுக்கு வந்த எளிய கார்டின் வாரிசுதான் அது. திருநெல்வேலியில் இருந்தபடி விமர்சகர் தி.க.சி. எத்தனை இளம் எழுத்தாளர்களுக்குக் கார்டு போட்டார்! முதல் கதை வந்ததும் வந்து சேர்ந்த அந்தக் கார்டு எந்தெந்த வீட்டு டிராயரில் கிடக்கிறதோ. சிற்றலை வானொலி கேட்டவர்களுக்கு நிலையங்கள் அனுப்பிய க்யூ.எஸ்.எல். கார்டுகளும் அப்படியே. தபால்தலையை மட்டும் உரித்துக்கொண்டு அட்டையைத் தூக்கிப்போடாதீர்கள். தலை, முத்திரை, முகவரி, எழுத்து நான்கும் ஒன்றாக இருந்தால்தான் அது சரித்திரம். முத்திரை அழிந்திருந்தாலும் வயது சொல்ல வழியுண்டு, தெரியுமா? தொடக்கத்தில் முகவரிப் பக்கத்தில் சேதி எழுதவே கூடாது. பிரிட்டன் 1902-இலும் அமெரிக்கா 1907-இலும்தான் பின்பக்கத்தை நடுக்கோடு போட்டுப் பிரித்தன. நடுக்கோடு இல்லாத, படத்தின் ஓரத்தில் நுணுக்கி நுணுக்கி எழுதிய கார்டு கிடைத்தால் துள்ளிக் குதியுங்கள்!

யார் எழுதியது, யாருக்கு, என்ன உறவு என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் இப்போதே கேட்டு ஒரு தனித்தாளில் எழுதி அதே உறைக்குள் வையுங்கள். கார்டிலேயே குறிக்க வேண்டுமென்றால் 2பி பென்சிலால், ஓரமாக, அழுத்தாமல். பால்பாயின்ட் பேனா அட்டையைக் குழித்து மறுபக்கம் தள்ளிவிடும். இரண்டு பக்கத்தையும் 600 டிபிஐ-யில் ஸ்கேன் எடுத்து, வேறொரு ஊரில் இருக்கும் தம்பிக்கோ தங்கைக்கோ ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள்.

கடைசியாக, 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை வீடுகளில் நடந்தது மறுபடி நடந்தால்? ஈரமான காகிதத்தில் பூஞ்சை பிடிக்க 48 மணி நேரம் போதும், தெரியுமா? அச்சுக் கார்டுகளைப் படம் மேலே தெரியும்படி துண்டின் மேல் பரப்பி, மின்விசிறிக் காற்று அறையில் உலவும்படி விடுங்கள். வெயில், இஸ்திரிப் பெட்டி, ஹேர் டிரையர் மூன்றும் கூடவே கூடாது. ஒன்றோடொன்று ஒட்டிய ஃபோட்டோ கார்டுகளை இழுக்காதீர்கள். சுத்தமான குளிர்ந்த தண்ணீர்த் தட்டில் வைத்தால் ஜெலட்டின் இளகிப் பிரிந்து வரும். ஆனால் பின்னால் மை எழுத்து இருந்தால் தண்ணீர் கூடாது. அதற்கும், கணக்கில்லாமல் நனைந்துபோன கட்டுகளுக்கும் வழி அதே ஃபிரீசர்தான்! நடுநடுவே பட்டர் பேப்பர் கொடுத்துச் சின்னக் கட்டுகளாக உறையவையுங்கள். உறைந்த கார்டில் பூஞ்சை வளராது, மை ஓடாது. கரண்ட் இருக்கும்வரை அவசரமே இல்லை. வீட்டைக் கழுவி, மூச்சு விட்டு, மாதங்கள் கழித்துக்கூட, ஒரு நாளைக்கு நாலைந்தாக எடுத்து உலர்த்திக்கொள்ளலாம்.